வணக்கத்துக்குரியவர்

சென்னை மேயரை 'வணக்கத்துக்குரிய மேயர்' என்று எழுதுவது வழக்கம். ஆங்கிலேயரிடமிருந்து அங்கியோடும் பொற்சங்கிலியோடும் சேர்ந்து வந்த மரியாதை இது. அவர்கள் நாட்டில் அது தேய்ந்துபோன சடங்குச் சொல்லாக இருக்கலாம். தமிழில் வணக்கம் என்ற சொல்லுக்கு இன்னும் கோயில் வாசனை போகவில்லை. ஆகவே இந்த அடைமொழியைப் பார்க்கிறபோது ஒரு சந்தேகம் எழுகிறது. வணக்கம் யாருக்கு? அங்கிக்கா, ஒரு வருஷமோ ஐந்து வருஷமோ அதற்குள் இருந்துவிட்டு வெளியே வருகிற மனிதனுக்கா? அவன் உள்ளே இருந்தபோது நடந்த நன்மையை யார் பெயரில் எழுதுவது? அதனால் விளைந்த தீமையை யார் தலையில் வைப்பது?

இது நமக்குச் சம்பந்தமில்லாத முனிசிபல் விவகாரம் என்று நண்பர்கள் நினைக்க வேண்டாம். எழுத்தாளனின் வாழ்வையும் எழுத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டுமா, பிரித்துப் பார்க்கவேண்டுமா என்று நாம் வருஷக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு கட்சி, எழுத்து நன்றாக இருந்தால் ஆளைப் பற்றிக் கேட்காதே என்கிறது. மற்றக் கட்சி, ஆள் சரியில்லை என்றால் எழுத்தைத் தொடாதே என்கிறது. இரண்டும் சௌகரியமான நிலைகள். யோசிக்கிற வேலையை மிச்சப்படுத்துபவை. கவிதையை வைத்துக்கொண்டு இதைப் பேசினால் ரசனை குறுக்கே வந்துவிடுகிறது. தண்ணீரை வைத்துப் பேசினால் அந்தக் குழப்பம் இல்லை. தண்ணீர் வந்ததா இல்லையா என்பதில் அபிப்பிராய பேதம் கிடையாது.

எஸ். சத்தியமூர்த்தி 1939-40ல் சென்னை மேயராக இருந்தார். 1887ல் புதுக்கோட்டைச் சீமைத் திருமயத்தில் பிறந்தவர். வக்கீல், பேச்சாளர், சட்டசபையில் எதிராளியைத் திணறவைத்தவர். நாடகமேடையில் நடித்தவர், சங்கீதத்துக்காக வாதாடியவர், காமராஜருக்கு அரசியல் குரு. 1937ல் காங்கிரஸ் மந்திரிசபை அமைந்தபோது அதில் அவருக்கு இடமில்லை. அதன்பிறகு வந்தது இந்த மேயர் பதவி, அதுவும் ஒரு வருஷத்துக்கு. மேயருக்கு நிர்வாக அதிகாரம் பெரிதாக ஒன்றும் கிடையாது. அது கமிஷனரிடம். மேயர் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கலாம், வரவேற்புரை வாசிக்கலாம், கையெழுத்திடலாம். போதாக்குறைக்கு யுத்தம் தொடங்கிவிட்டது. 1939 அக்டோபரில் ராஜாஜி மந்திரிசபை ராஜிநாமா செய்துவிட்டதால் மாகாணம் கவர்னர் ஆட்சியில் இருந்தது. காங்கிரஸ்காரரான மேயர் எதைக் கேட்டாலும், காங்கிரஸ் எதிர்த்துக்கொண்டிருந்த அதே சர்க்காரிடம்தான் கேட்கவேண்டும்.

இந்த நிலையில்தான் அவர் பூண்டி நீர்த்தேக்கத்தைப் பிடித்துக்கொண்டார். புழலையும் சோழவரத்தையும் நம்பியிருந்த நகரத்துக்கு அவை போதவில்லை. திருவள்ளூருக்கு மேற்கே கொசஸ்தலை ஆற்றைத் தடுத்து ஒரு நீர்த்தேக்கம் கட்டுவது என்று முடிவாயிற்று. 1940ல் அடிக்கல் நாட்டப்பட்டது. சுமார் 65 லட்சம் ரூபாய் செலவில் 1944ல் வேலை முடிந்தது. இடையில், 1942 போராட்டத்தில் சத்தியமூர்த்தி கைதானார். அமராவதி சிறைக்குக் கொண்டுபோகப்பட்டதில் முதுகெலும்பில் ஏற்பட்ட பாதிப்போடு திரும்பி, 1943 மார்ச் 28ல் சென்னையில் இறந்தார். தான் கொண்டுவந்த தண்ணீரை அவர் குடிக்கவில்லை. நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். சத்தியமூர்த்தி சாகர்.

சென்னையிலிருந்து பார்த்தால் இது ஒரு பூரணமான கதை. அதிகாரமில்லாத பதவி, ஒரு வருஷ அவகாசம், பகைவனின் அரசாங்கம், இத்தனைக்கும் நடுவில் தலைமுறைகளுக்கு நிற்கிற ஒரு காரியம். நான் சென்னையிலிருந்து பார்க்கவில்லை. திருவள்ளூரில் குடியிருந்து, கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தாவாக இருக்கிறேன். நீர்த்தேக்கத்தின் இந்தப் பக்கத்து ஆள். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதே கதைக்கு வேறு அத்தியாயங்கள் இருக்கின்றன.

கொசஸ்தலை பூண்டியில் நின்று, தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திசைதிருப்பப்பட்டு, சோழவரம், புழல் வழியாக நகரத்துக்குப் போகிறது. வறட்சியில் இருப்பது நகரத்துக்கு. வெள்ளத்தில் நகரத்துக்கு வேண்டாத உபரி ஆற்றோர ஊர்களுக்கு. 2021 நவம்பரில் மணலி புதுநகர்க்காரர்கள் இதை வீட்டுக்குள்ளேயே பார்த்தார்கள். ஆற்றின் வால் எண்ணூர் கழிமுகம். அங்கே அதற்குக் கிடைப்பது அனல்மின் நிலையத்துச் சாம்பலும் தொழிற்சாலைக் கழிவும். ஆற்று நீர் போதாதென்று மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்கிணறுகள் போட்டு, நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்குமாக நிலத்தடி நீரை இறைத்தார்கள். இறைத்த இடத்தைக் கடல் வந்து நிரப்பிற்று. மீஞ்சூர் வட்டாரத்தில் உப்புநீர் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்துவிட்டது. 2010ல் காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். முதலில் நல்ல தண்ணீரை எடுத்துக் கடலை உள்ளே வரவிட்டு, பிறகு கடலிலிருந்து நல்ல தண்ணீர் எடுப்பது. இதில் உள்ள முரண் யாரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

2019ல் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போயிற்று. அந்த வருஷம் இந்த ஜில்லாவின் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகப் போனதைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. போர் போடக் கடன் கேட்டு வந்த ஒரு விவசாயியிடம், வழக்கம்போல் என்ன பயிர் என்று கேட்டேன். "பயிரு எங்க சார், லாரிக்குத்தான். நெல்லு மூணு மாசம் ஆவும், லாரி சாயங்காலமே காசு குடுத்துடறான்" என்றார். அவரிடம் குற்ற உணர்வும் இல்லை, புகாரும் இல்லை. தன் வயலுக்கு அடியில் இருப்பது நகரத்துக்குச் சேரவேண்டியது என்பதை அவர் என்றோ ஏற்றுக்கொண்டுவிட்டார்.

இதற்கெல்லாம் சத்தியமூர்த்தி பொறுப்பா?

ஆம் என்று சொல்வது சுலபமான ஆவேசம். 1940ல் அவருக்கு முன்னால் தண்ணீரில்லாத ஒரு நகரம் இருந்தது. அதன் பிரதிநிதியாக அவர் உட்கார்ந்திருந்தார். தன்னைத் தேர்ந்தெடுத்தவர்கள் தாகத்தோடு இருக்கும்போது, தேர்ந்தெடுக்காதவர்களின் ஆற்றைப் பற்றிக் கவலைப்பட்டு வேலையை நிறுத்துகிற மேயர் நல்லவரா என்பதே சந்தேகம். தன் குழந்தைக்கு முதலில் சோறு போடுகிற தாயை யாரும் பாரபட்சக்காரி என்று சொல்வதில்லை. சில பதவிகளின் தர்மமே பாரபட்சம்தான். வக்கீலுக்குக் கட்சிக்காரன், வைத்தியனுக்கு நோயாளி, மேயருக்கு நகரம்.

ஆனால் தாய் தன் குழந்தைக்கு முதலில் போடுவது வேறு, அடுத்த வீட்டுப் பானையிலிருந்து எடுத்துப் போடுவது வேறு. இது நம் ஊருக்கு மட்டுமான பிரச்னையல்ல. ஜோசப் சேம்பர்லேன் 1873 முதல் 1876 வரை பர்மிங்ஹாம் மேயராக இருந்து, தனியார் கையிலிருந்த குடிநீரை நகரசபைக்கு வாங்கினார். நகராட்சிச் சீர்திருத்தத்தின் முன்னோடி என்று சரித்திரம் அவரைப் பாராட்டுகிறது. நகரம் வளர்ந்தது, தண்ணீர் போதவில்லை. 1892ல் ஒரு சட்டம் செய்து, வேல்ஸில் உள்ள எலான் பள்ளத்தாக்கில் அணைகள் கட்டினார்கள். அங்கிருந்த நூறுபேர் வரை கிளம்ப வேண்டியதாயிற்று. நிலச் சொந்தக்காரர்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது. குடியிருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. 1904ல் தண்ணீர் பர்மிங்ஹாமுக்குப் போயிற்று. பர்மிங்ஹாமின் வோட்டர் பட்டியலில் எலான் பள்ளத்தாக்குக்காரன் ஒருவனும் கிடையாது. இங்கே தவறு தன் நகரத்தை முதலில் வைத்ததல்ல. மற்றவனை இரண்டாவதாகக்கூட வைக்காததுதான். கணக்கில் அவன் ஒரு தரப்பாகவே ஏறவில்லை. அவன் நிலப்பரப்பின் ஒரு பகுதி, மரம் மாதிரி, பாறை மாதிரி.

இங்கே எனக்கு என் தொழிலிலிருந்து ஒரு பேதம் கைகொடுக்கிறது. நம் சிந்தனையில் பழியும் கடனும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. 'நீ கடன்பட்டிருக்கிறாய்' என்றால் 'நீ குற்றவாளி' என்று காதில் விழுகிறது. வங்கியில் இரண்டு நாள் உட்கார்ந்தவனுக்கு இது ஒன்றல்ல என்று தெரியும். கடன் வாங்கியது குற்றமில்லை. நேர்மையான காரணத்துக்கு, நேர்மையான மனிதன் வாங்கியிருப்பான். அவன் இறந்துபோனால் சொத்தை அடைகிற வாரிசு, அடைந்த சொத்தின் மதிப்பு வரைக்கும் அந்தக் கடனுக்குப் பொறுப்பாளி. பத்திரத்தில் அவன் கையெழுத்து இல்லை. அப்போது அவன் பிறந்தேயிருக்க மாட்டான். பழி அவன்மேல் இல்லை, கடன் இருக்கிறது. 'நான் வாங்கவில்லை' என்பது பழிக்குப் பதில், கடனுக்குப் பதிலல்ல.

சத்தியமூர்த்தி விஷயத்திலும் அப்படித்தான். அவர்மேல் பழி இல்லை. மீஞ்சூர்க் கிணறு உப்பாகும் என்று 1940ல் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவர் கையெழுத்தில் நகரம் ஒரு கடன் வாங்கியது. நகரம் வளர்ந்தது, சொத்து சேர்ந்தது, கடனும் சேர்ந்தது. குழாயைத் திறந்து தண்ணீர் பிடிக்கிற ஒவ்வொருவரும் அந்தச் சொத்தின் வாரிசு. அவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்வது அசட்டுத்தனம். கடன்காரர்கள் என்று சொல்லாமலிருப்பது பொய்.

இனி இரண்டாவது விஷயம், இன்னும் சங்கடமானது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1920களின் கடைசியில் சென்னைச் சட்டசபையில் தேவதாசி முறையை ஒழிக்க முயன்றபோது, அதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் இதே சத்தியமூர்த்தி. சமயத்தின், மரபின், கலையின் பெயரால் அந்த எதிர்ப்பு நடந்தது. பெண்குழந்தைகளைப் பொட்டுக்கட்டுவதை முற்றாகத் தடுக்கும் சட்டம் 1947ல்தான் வந்தது. இடைப்பட்ட வருஷங்களில் பொட்டுக்கட்டப்பட்ட குழந்தைகள் இருந்திருப்பார்கள். இங்கே 'தெரியாது' என்ற சமாதானம் செல்லாது. எதிரே நின்று பேசிய முத்துலட்சுமியே அந்த வாழ்வின் நிழலை அறிந்தவர். அவர் தாய் அந்தச் சமூகத்தில் பிறந்தவர். கேட்கக் காதிருந்தவருக்குச் சாட்சி சபையிலேயே இருந்தது.

இதற்கு நம்மவர்கள் வழக்கமாகச் செய்வது ஐந்தொகை போடுவது. சிறை சென்றார், வரவு. பூண்டி கட்டினார், வரவு. தேவதாசி ஒழிப்பை எதிர்த்தார், பற்று. கூட்டிக் கழித்து, மொத்தத்தில் பெரிய மனிதர் என்று ஒருவர் முடிப்பார். மொத்தத்தில் பிற்போக்கு என்று இன்னொருவர் முடிப்பார். இருவருக்கும் கணக்கு முறை ஒன்றுதான், கூட்டுத்தொகைதான் வேறு.

முறையே தவறு என்பது என் கட்சி. வங்கியில் ஒரு விதி உண்டு. ஒரே ஆளின் இரண்டு கணக்குகளை ஒன்றுக்கொன்று ஈடுகட்டலாம். செட்-ஆஃப் என்பார்கள். ஆனால் இரண்டிலும் அவன் அதே ஹோதாவில் இருக்கவேண்டும். ஒன்று சொந்தக் கணக்கு, மற்றது ஒரு டிரஸ்டுக்குத் தர்மகர்த்தாவாக வைத்திருக்கும் கணக்கு என்றால் ஈடுகட்ட முடியாது. சொந்தக் கடனுக்கு டிரஸ்ட் பணத்தை எடுக்கக் கூடாது. கையெழுத்து ஒன்றுதான், ஆனால் பணம் அவனுடையதல்ல. பூண்டி டிரஸ்ட் கணக்கு. அந்தப் பணம் நகரத்தின் வரிப்பணம், அந்தத் தண்ணீர் கொசஸ்தலைத் தண்ணீர். மேயர் அதற்குத் தர்மகர்த்தா. அதிலிருந்து ஒரு சொட்டை எடுத்துத் தேவதாசிப் பேச்சைக் கழுவ முடியாது. அந்தப் பேச்சு சொந்தக் கணக்கு. திருப்பியும் சொல்லவேண்டும். அந்தப் பேச்சை வைத்துப் பூண்டியை இல்லாததாக்கவும் முடியாது. இரண்டும் தனித்தனியே நிற்கும். ஒரு மனிதனுக்கு ஒரே கூட்டுத்தொகை இருந்தாக வேண்டும் என்பது நம் சோம்பலின் தேவை.

இப்படிப் பிரிப்பது தப்பித்துக்கொள்ள வழியாகிவிடாதா? ஆகும். மாந்தேன் 1581லிருந்து 1585 வரை போர்டோ நகர மேயர். மேயரும் தானும் எப்போதும் இரண்டுபேர் என்ற நினைப்போடு பதவி வகித்ததாகத் தன் கட்டுரையில் விளக்குகிறார். பதவியைத் தோளில் போட்டுக்கொள்ளலாம், ஈரலுக்குள் விட்டுக்கொள்ளக் கூடாது என்கிற தோரணை. பதவிப் பித்துப் பிடித்த எந்த யுகத்துக்கும் இது ஆரோக்கியமான மருந்து. ஆனால் 1585ல், பதவி முடிகிற நாட்களில், போர்டோவில் பிளேக். பதவியை ஒப்படைக்க நகரத்துக்குள் வரவேண்டும். அவர் வரவில்லை, கடிதம் எழுதினார். சட்டப்படி பெரிய குற்றமில்லை. ஆயினும் அந்த அழகான பிரிவினைக்கு விலை அன்று தெரிந்துவிட்டது. உடம்பு ஒன்றுதான் இருக்கிறது. அது நகரத்துக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்ற கேள்விக்கு இரண்டுபேராக நின்று பதில் சொல்ல முடியாது. 2022 மார்ச்சில் உக்ரைனின் மெலிடொபோல் நகரத்தைப் பிடித்த ரஷ்யப் படை முதல் காரியங்களில் ஒன்றாக அதன் மேயர் இவான் ஃபெதரோவைத் தூக்கிக்கொண்டு போயிற்று. சில நாட்களில் கைதிப் பரிமாற்றத்தில் விட்டார்கள். மேயரும் மனிதனும் வேறு என்ற தத்துவம் துப்பாக்கிக்காரனுக்குத் தெரியாது. நகரத்தைப் பிடிக்க அந்த உடம்பைப் பிடித்தால் போதும் என்பது தெரியும். கணக்குகள் இரண்டு, கை ஒன்று. இதில் எதை மறந்தாலும் பொய் வந்துவிடுகிறது.

பூண்டிக்கு இதைவிடப் பழைய ஒரு சாட்சி இருக்கிறது. திருவெண்பாக்கம் தேவாரத் தலம். அணை கட்டியபோது பழைய கோயில் இருந்த இடம் நீருக்குள் போய், பூண்டியில் மறுபடி கோயில் எழுப்பினார்கள். அந்தத் தலத்துக் கதை நமக்கெல்லாம் தெரிந்தது. திருவொற்றியூரில் சங்கிலியாரை விட்டுப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, அதை மீறிக் கிளம்பிய சுந்தரருக்குக் கண் போயிற்று. வெண்பாக்கத்தில் வந்து முறையிட்டார். கிடைத்தது பார்வையல்ல, ஒரு ஊன்றுகோல். இறைவனுக்கே தோழர், பாடிய பாட்டுக்குக் கணக்கில்லை. அவ்வளவு வரவு இருந்தும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு அதில் ஈடுகட்டப்படவில்லை. அதே சமயம் அந்த ஒரு மீறலுக்காகப் பாட்டுக்கள் தள்ளுபடியாகவும் இல்லை. நடந்து போ என்று கோல் கொடுக்கப்பட்டது. ஐந்தொகை போடுகிறவர்களைவிட அந்தக் கதையைச் சொன்னவர்களுக்கு அறம் பற்றிக் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது.

கடைசியாக, பெயர் விஷயம். 1973ல் சென்னைக் கார்ப்பரேஷன் கலைக்கப்பட்டது. 1996 வரை தேர்தலே இல்லை. 23 வருஷம் நகரத்துக்கு மேயர் கிடையாது, தனி அதிகாரிகள்தான். குடிநீர், 1978ல் அமைந்த தனி வாரியத்தின் கைக்குப் போயிற்று. இந்தக் காலத்தில்தான் ஆழ்கிணறுகள் பெருகின, 1983ல் கிருஷ்ணா நீர் ஒப்பந்தம் வந்தது. முடிவுகள் எடுக்கப்பட்டன. எடுத்தவர் யார் என்று கேட்டால் ஒரு கோப்பு எண் கிடைக்கும். 2020 நவம்பரில் கும்மிடிப்பூண்டித் தாலுகாவில் கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் திறந்தார்கள். சுமார் 380 கோடி ரூபாய், 500 மில்லியன் கன அடி. இரண்டு ஊர்களின் ஏரிகளைச் சேர்த்துக் கட்டியது. அந்த ஏரிகள் பாசனத்துக்கு இருந்தவை. தண்ணீர் இப்போது சென்னைக்கு. இதை யாருடைய காரியம் என்று சொல்வது? ஒருவருடையதும் அல்ல. திட்டம். திட்டத்துக்கு முகம் கிடையாது. அதோடு வாதாட முடியாது. அது கடன்பட்டிருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள்.

2011ல் சென்னை விரிவாக்கப்பட்டபோது எண்ணூரும் மணலியும் திருவொற்றியூரும் நகரத்துக்குள் வந்தன. ஆற்றின் வால்பகுதிக்காரர்களுக்குச் சென்னை மேயரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு வோட்டுக் கிடைத்தது, ஆறு செத்த பிறகு. பூண்டிக்காரனுக்கும் தேர்வாய்க்காரனுக்கும் அதுவுமில்லை. அவர்கள் நகரத்துக்குள் வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. நகரத்தின் தண்ணீர்க் கணக்கு எழுதப்படுகிறபோது, அவர்கள் நிலப்பரப்பாக இல்லாமல் ஒரு தரப்பாக உட்கார வேண்டும் என்கிறேன். கடன் கொடுத்தவன் பெயர் லெட்ஜரில் இருக்கவேண்டும் என்பது பெரிய புரட்சிக் கோரிக்கை இல்லை. சாதாரணக் கணக்கு மரியாதை.

பூண்டியில் மட்டும் ஒரு பெயர் இருக்கிறது. பெயர்வைப்பதைப் பொதுவாக நான் கேலியாகத்தான் பார்ப்பேன். இந்தப் பெயரை எடுக்கவேண்டும் என்று யாராவது கிளம்பினால் அவர்களோடு சேரமாட்டேன். அது அவருக்குச் செய்த மரியாதை என்பதற்காக அல்ல. பெயர் ஒரு விலாசம். நன்றியை அங்கே அனுப்பலாம், புகாரையும் அங்கேதான் அனுப்பமுடியும். எண்ணூர்க் கழிமுகத்துக்கும் மீஞ்சூர்க் கிணற்றுக்கும் பதில் சொல்ல ஆள் இல்லாத இந்த ஜில்லாவில், இறந்துபோன ஒரு மேயர் மட்டும் தன் பெயரோடு அணைக்கட்டில் நிற்கிறார், கேள் என்கிற மாதிரி. அந்த அளவுக்கு அவர் வணக்கத்துக்குரியவர்.